புல்லுருவி என்று திட்டுவதற்கு முன்

ஒரு கட்சி உடைந்தால் மறுநாள் மேடையில் நிச்சயம் கேட்கிற சொல் 'புல்லுருவி'. நேற்று வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இன்று புல்லுருவி ஆகிவிடுவார். தொழிற்சங்கத் தேர்தல், கூட்டுறவுச் சங்கம், திருவிழாக் கமிட்டி என்று எங்கே சண்டை வந்தாலும் இந்தச் சொல் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிற கூடத்துக்கும் அது வரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வசவுகளில் இதற்கு என்று ஒரு தனி இடம் இருக்கிறது. வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பையனைத் 'தண்டச்சோறு' என்பார்கள். அதில் சோற்றுக் கணக்கு மட்டும்தான். புல்லுருவி என்றால் சோறு போட்ட வீட்டையே அழிக்க வந்தவன் என்று பொருள். 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்' என்ற பழமொழி முழுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. மரத்தின் மேலேயே வளர்ந்து, மரத்தின் இலை போலவே இலை விட்டு, உள்ளிருந்தே உறிஞ்சும் ஒன்று என்பதால் துரோகத்துக்கும் அதுவே உவமை ஆனது. அரசியல் மேடைக்கு இந்தச் சொல் இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் செடியை நான் சிறுவயது முதல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க, நாம் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவது செடிக்கும் பொருந்தவில்லை, திட்டு வாங்குகிற மனிதருக்கும் பெரும்பாலும் பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் விரிவாக எழுதப் போகிறேன்.

முதலில் செடி

கோடையில் பேருந்தில் போகும்போது சாலையோர மரங்களைப் பாருங்கள். இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் ஒரு மரத்தில் ஒரு கிளையில் மட்டும் பச்சையாக ஒரு கொத்துத் தொங்கும். பெரும்பாலும் அது புல்லுருவிதான். நம் பக்கம் அதிகம் காண்பது டென்ட்ரோஃப்தே ஃபால்கேட்டா என்ற வகை. பழைய புத்தகங்களில் லொராந்தஸ் என்று இருக்கும். மா, வேம்பு, புங்கன், கொய்யா, சப்போட்டா என்று 300க்கு மேற்பட்ட மரவகைகளின் மேல் இது வளர்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சந்தன மரத்தையும் விடுவதில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. காய்ப்பு முடிந்து கவாத்து செய்யும்போது அவருடைய முதல் வேலை புல்லுருவி பிடித்த கிளைகளைத் தேடி வெட்டுவது. பச்சைக் கொத்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அடிமரப் பக்கமாக ஒரு முழம் தள்ளி அவர் கத்தியை வைப்பார். நல்ல கிளைதானே என்று எனக்கு மனசு கேட்காது.

"ஏன் சித்தப்பா, அதை மட்டும் ஒடிச்சுப் போட்டா ஆகாதா?"

"ஒடிச்சா என்ன கண்ணு, அடுத்த மழைக்கு மறுபடியும் தழைச்சுக்கும். அதோட வேர் கட்டைக்குள்ள இருக்குது."

வெட்டி விழுந்த கிளையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒட்டிய இடத்தில் கிளை முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். முடிச்சுக்கு இந்தப் பக்கம் கட்டை விரல் அளவு தடித்த கிளை. அந்தப் பக்கம் அதே கிளை குச்சியாகக் காய்ந்து, இரண்டே இலையோடு நிற்கும். முடிச்சிலிருந்து ஒரு வேர் பட்டையின் மேலேயே கயிறு போல ஊர்ந்து போய், கொஞ்சம் தள்ளி மறுபடியும் பட்டைக்குள் இறங்கியிருக்கும். அந்த இடத்திலும் ஒரு சின்ன முடிச்சு. சித்தப்பா ஒரு முழம் தள்ளி வெட்டுவதன் நியாயம் அப்போது விளங்கும். ஒரு மரத்தில் நாலைந்து கொத்து சேர்ந்துவிட்டால் காய்ப்பு விழுந்துவிடும். கவனிக்காமல் விட்டால் கிளை கிளையாகக் காயும். தோப்பு வைத்திருப்பவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கொத்தின் இலையைப் பாருங்கள். தடித்த, பச்சைப் பசேல் என்ற இலை. பச்சையம் இருக்கிறது என்றால் வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே சமைக்கிறது என்று அர்த்தம். மரத்திடமிருந்து அது முக்கியமாக எடுத்துக்கொள்வது தண்ணீரும் அதில் கரைந்த தாது உப்பும். மரத்தின் உள்ளே தண்ணீர் ஏறும் குழாய்களில் தன் உறிஞ்சு வேரைச் செருகிக்கொள்கிறது. மரத்தைவிட அதிகமாகத் தண்ணீர் இழுத்து ஆவியாக்கிவிடும் என்பதுதான் பெரிய கேடு. தாவரவியலில் இதைப் 'பகுதி ஒட்டுண்ணி' என்பார்கள். தண்ணீர் இரவல், சமையல் சொந்தம்.

முழுக்க முழுக்கப் பிறர் உழைப்பில் வாழும் செடிகளும் நம் வயல்களில் உண்டு. புகையிலை வயலில் வேரை ஒட்டி முளைக்கும் புகையிலைக் காளானுக்குப் பச்சையமே கிடையாது. பெயர்தான் காளான், பூக்கும் செடி அது. உண்பது எல்லாம் புகையிலைச் செடியின் சமையல். இலையே இல்லாமல் மஞ்சள் நூலாகப் பின்னிப் படரும் கொடி ஒன்று வேலியிலும் குதிரைமசால் வயலிலும் வரும். அதற்கு நம் ஆட்கள் வைத்த பெயர் 'அம்மையார் கூந்தல்'. உழைக்காத கொடிக்கு இத்தனை அழகான பெயர் கிடைத்தது. தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும் செடியின் பெயர் வசவு ஆகிவிட்டது.

அந்தச் சின்னப் பறவை

புல்லுருவி மரத்துக்கு மரம் தாவுவது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு பறவையைக் கவனிக்க வேண்டும். பூக்கொத்தி என்று பெயர். அலகிலிருந்து வால் வரை 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. சாம்பல் பூசிய பழுப்பு உடம்பு, வெளிர் நிற அலகு. டிக் டிக் என்று விடாமல் கத்திக்கொண்டே இருக்கும். சத்தத்தை வைத்துத்தான் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

புல்லுருவிப் பழம் கனிந்தால் அது அந்தக் கொத்தை விட்டு நகராது. பழத்துக்குள் ஒரே விதை. விதையைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒட்டும் பசை. விழுங்கிய சில நிமிடங்களில் விதை பின்பக்கமாக வந்துவிடும். ஆனால் பசை இருப்பதால் கீழே விழாது, நூல் விட்டுக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கும். அதை உதற அந்தப் பறவை கிளையோடு கிளையாகப் பதுங்கி, பின்பக்கத்தைக் கிளையில் தேய்க்கும். விதை கிளையில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் விழுந்தால் அந்த விதைக்குக் கதி இல்லை. கிளையில் ஒட்டினால்தான் முளைத்து, பட்டையைத் துளைத்து, உயிர் பிழைக்கும். அதற்குத் தேவையான அந்த ஒரு காரியத்தைத் தன் அவஸ்தை தீர்த்துக்கொள்ளும் போக்கில் பறவை செய்துவிடுகிறது.

கொங்கணப் பகுதியில் இதைக் கூர்ந்து பார்த்து 1931இல் கட்டுரை எழுதியவர் சாலிம் அலி. புல்லுருவி பரவுவதில் தேன்சிட்டுக்கும் பூக்கொத்திக்கும் உள்ள பங்கைப் பற்றிய கட்டுரை அது. பின்னர் 1980களில் பிரியா டேவிதார் நீலகிரியில் புல்லுருவிகளையும் அவற்றை நாடி வரும் பறவைகளையும் ஆராய்ந்தார். சில வகைப் புல்லுருவிகளின் மொட்டு தானாக விரியாது. பறவை வந்து அலகால் தொட்டால்தான் பட்டென்று விரிந்து மகரந்தத்தைத் தூவும். அந்தப் பூவும் அந்த அலகும் ஒன்றையொன்று நம்பியே இருக்கின்றன.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. இறகின் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிறமும், கறுப்புக் கோடும், ஓரத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியை நீங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். ஜெசபெல் என்பார்கள். அது முட்டையிடுவது புல்லுருவி இலையில். புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த இலையைத் தின்று வளரும். சென்னை போன்ற நகரத்தின் நடுவிலும் அந்த வண்ணத்துப்பூச்சி பறக்கிறது என்றால் பக்கத்தில் எங்கோ ஒரு மரத்தில் புல்லுருவி இருக்கிறது என்று பொருள்.

அதை அகற்றிப் பார்த்தார்கள்

புல்லுருவி இல்லாவிட்டால் காடு செழிக்குமா? ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளர் இதைச் சோதித்தே பார்த்தார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் விவசாய நிலங்களுக்கு நடுவே தீவு தீவாக மிஞ்சியிருக்கும் மரக்காடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் இருந்த புல்லுருவிகளை ஒன்று விடாமல் வெட்டி அகற்றினார்கள். மற்ற சில காடுகளை அப்படியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். புல்லுருவி அகற்றிய காடுகளில் பறவை வகைகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. அந்தக் காட்டையே நம்பி நிரந்தரமாக வாழும் பறவைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தன. 2012இல் இந்த முடிவு வெளியானது.

பழம் தின்னும் பறவை போனால் ஆச்சரியமில்லை. அதிகம் பாதிக்கப்பட்டவை தரையில் பூச்சி பொறுக்கும் பறவைகள். புல்லுருவியின் பூவையோ பழத்தையோ தொடாத பறவைகள் அவை. விளக்கம் இலையில் இருந்தது. மரங்கள் இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் சத்தைப் பெரும்பாலும் திரும்ப இழுத்துக்கொள்ளும். புல்லுருவி அப்படிச் செய்வதில்லை. சத்தோடு இலையை உதிர்க்கிறது, ஆண்டு முழுவதும் உதிர்க்கிறது. அந்தச் சருகில் மண் வளமாகிறது, மண்ணில் பூச்சி பெருகுகிறது, பூச்சியைத் தேடிப் பறவை வருகிறது. மரத்தின் உச்சியிலிருந்து வாங்கியதைப் புல்லுருவி மரத்தின் காலடியில் போட்டுக்கொண்டிருந்தது. அகற்றிய பிறகுதான் அந்தக் கொடை கண்ணுக்குத் தெரிந்தது.

சந்தனத்தின் கதை

இப்போது வேறொரு மரத்துக்கு வருவோம். தமிழில் தியாகத்துக்கு உவமை சொல்ல வேண்டுமானால் சந்தனம்தான் முதலில் வரும். தேயத் தேய மணக்கும் சந்தனம் என்போம். பிறருக்காகத் தேய்ந்த தாயைச் சந்தனம் என்போம். தலைவர்களின் இரங்கல் கூட்டத்தில் தவறாமல் வரும் உவமை இது. சாமிக்குக் காப்பு, கல்யாண வீட்டு வாசலில் கிண்ணம் என்று எங்கும் அதற்கு மரியாதை. மைசூரில் திப்பு சுல்தான் 1792இல் அதை அரச மரமாக அறிவித்தார். தமிழ்நாட்டில் சொந்தப் பட்டா நிலத்தில் வளர்ந்த சந்தன மரம்கூட நெடுங்காலம் அரசுக்கே உரியதாக இருந்தது. 2002இல் சட்டம் திருத்திய பிறகுதான் நில உரிமையாளருக்கு அதில் உரிமை வந்தது.

அந்தச் சந்தனமும் ஒரு பகுதி ஒட்டுண்ணிதான்.

புல்லுருவி கிளையில் செய்வதைச் சந்தனம் மண்ணுக்கு அடியில் செய்கிறது. அதன் வேர்கள் பக்கத்துச் செடிகளின் வேரைத் தேடிப் போய், குமிழ் போன்ற ஒரு சின்ன உறுப்பால் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்து தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பணிபுரிந்த ஜான் ஸ்காட் இதை முதலில் கண்டு சொன்னது 1871இல். அதுவரை எத்தனை நூற்றாண்டாக நாம் சந்தனம் அரைத்திருப்போம்! பின்னர் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த சி. ஏ. பார்பர், கடந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த உறிஞ்சு உறுப்பை வெட்டி வெட்டிப் பார்த்து விரிவாக எழுதினார். கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கி நடத்தியவரும் இதே பார்பர்தான்.

சந்தன நாற்று வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். நாற்றுப் பையை எடுத்துப் பார்த்தால் சந்தனக் கன்றோடு இன்னொரு செடியும் இருக்கும். துவரையோ பொன்னாங்கண்ணியோ கூடவே ஊன்றியிருப்பார்கள். பையைக் கிழித்து மண்ணை உதிர்த்தால் சந்தனத்தின் மெல்லிய வேர், பக்கத்து வேரில் வெள்ளைப் பொட்டு போல ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். தோட்டத்தில் நட்ட பிறகு சவுக்கு, அகத்தி, புங்கன் என்று துணை மரங்களைப் பக்கத்தில் வைப்பார்கள். துணை இல்லாமல் தனியாக நட்ட சந்தனம் மஞ்சள் தட்டி, வளராமல் நின்று, கடைசியில் பட்டுப்போகும். தன் பலத்தில் தனியாக மணத்த சந்தன மரம் என்று ஒன்று கிடையாது. நாம் நெற்றியில் இட்டுக்கொள்ளும் மணத்தில் பெயர் தெரியாத எத்தனையோ செடிகளின் தண்ணீர் இருக்கிறது.

இன்னும் ஒன்று. தாவரவியல் வகைப்பாட்டில் புல்லுருவியும் சந்தனமும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசைக்குப் பெயரே சந்தனத்தை வைத்துத்தான்: சான்டலேலிஸ். ஐரோப்பியப் புல்லுருவியான விஸ்கமும், அதன் உறவாக நம் மலைகளில் வளரும் சில புல்லுருவிகளும், இன்றைய வகைப்பாட்டின்படி சந்தனத்தின் குடும்பத்துக்குள்ளேயே வருகின்றன. ஒரே குடும்பத்தில் பிறந்த ஒன்றை நெற்றியில் வைத்தோம், மற்றொன்றை வசவில் வைத்தோம். ஐரோப்பாவில் அந்த விஸ்கத்தைக் கிறிஸ்துமஸ் நாளில் வாசலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அதன் கீழ் நிற்கும் இருவர் முத்தமிட்டுக்கொள்வது அங்கே மரபு.

வேறுபாடு செடியில் இல்லை என்பது எனக்கு இப்படித்தான் தெளிவானது. இரண்டும் வாங்கி வாழ்பவை, இரண்டும் சொந்தமாகச் சமைப்பவை. ஒன்று வாங்குவது மண்ணுக்கு அடியில், நம் கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று வாங்குவது கிளையில், எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒன்று நமக்கு மணம் தருகிறது. மற்றொன்று பூக்கொத்திக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் மண்ணுக்கும் தருகிறது. நமக்குக் கிடைத்ததை மட்டும் கொடை என்று எண்ணிக் கணக்கு எழுதிவிட்டோம்.

சொல் மனிதர் மேல் விழும்போது

ஆங்கிலத்தில் ஒட்டுண்ணிக்குச் சொல்லும் 'பாரசைட்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே அது முதலில் செடியையோ பூச்சியையோ குறிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் மனிதரைக் குறித்தது. கோயில் விருந்தில் உடன் உண்ணும் உரிமை பெற்றவருக்கு அது கௌரவமான பெயர். பிறகு பணக்காரர் பந்தியில் துதிபாடி வயிறு வளர்ப்பவரைக் குறித்து நாடகங்களில் கேலிக்கு ஆளானது. செடிக்கும் பூச்சிக்கும் போனது அதற்கெல்லாம் வெகுகாலம் பின்னால். தமிழில் பயணம் நேர் எதிர்த்திசை. செடியின் பெயர் மரத்திலிருந்து இறங்கி மனிதர் மேல் ஏறியது. எந்தத் திசையில் போனாலும் 'யார் யாருடைய சோற்றைத் தின்கிறார்' என்ற கணக்குதான் அதன் அடியில் இருக்கிறது.

அந்தக் கணக்கைச் சட்டமாகவே எழுதிய நாடும் உண்டு. சோவியத் ரஷ்யாவில் 1961இல் வந்த ஓர் ஆணை, சமூகத்துக்குப் பயனுள்ள வேலை செய்யாதவர்களைத் தொலைவான இடங்களுக்கு அனுப்பி உழைக்க வைக்க வழி செய்தது. அந்தக் குற்றத்துக்கு அவர்கள் வைத்த ரஷ்யச் சொல்லின் நேர்ப்பொருள் 'வீணாகத் தின்பது'. நம் தண்டச்சோறுதான். லெனின்கிராடில் 1964இல் ஜோசஃப் பிராட்ஸ்கி என்ற 23 வயது இளைஞரை அந்தக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்றினார்கள். கவிதை எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் தன் வேலை என்றார் அவர். நீதிமன்றம் அதை வேலையாக ஏற்கவில்லை. ஐந்தாண்டு கடின உழைப்பு என்று தீர்ப்பளித்து வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் ஒன்றரை ஆண்டில் விடுவிக்க நேர்ந்தது. அதே மனிதருக்கு 1987இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் பரிசு பெற்றதால்தான் தீர்ப்பு தவறு என்று ஆகவில்லை. பரிசு பெறாமலே போயிருந்தாலும் தவறு தவறுதான். ஒருவர் கொடுப்பது எது என்பதை மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து சில நிமிடத்தில் முடிவு செய்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அத்தை ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு மூத்தவர். கணவர் இறந்த பிறகு கைப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர், கடைசி வரை எங்களோடுதான் இருந்தார். விடியுமுன் எழுந்து மாட்டுத் தொழுவம் கூட்டி, பால் கறந்து, உலை வைத்துவிட்டுத்தான் எங்களை எழுப்புவார். நானும் தம்பியும் அவர் கையில்தான் வளர்ந்தோம். தாத்தா படுக்கையில் விழுந்தபோது அவருக்குக் கால் கை பிடித்து, துடைத்து, சோறு ஊட்டியதெல்லாம் அத்தை. சொத்துப் பிரிக்கும் பேச்சு வந்த நாளில், அத்தைக்கும் ஒரு பங்கு எழுதலாம் என்று அப்பா வாயெடுத்தார். உறவினர் ஒருவர் எல்லோர் முன்னும், "இத்தனை வருசமா புல்லுருவியாட்டம் ஒட்டிக்கிட்டுத் தின்னது பத்தாதா?" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் போட்ட காப்பித் தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தம்ளர்களைக் கழுவியதையும் அன்று யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஒரு வீட்டின் கதையாக மட்டும் இதை எண்ணிவிட வேண்டாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக அதில் செலவிட்டது 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் உழைத்துவிட்டு, வருமானம் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

இந்தச் சொல் யார் மேல் விழுகிறது என்று கொஞ்ச நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அரிசி வாங்க ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மேல் விழும். முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி மேல் விழும். வடக்கே இருந்து வந்து நம் மேம்பாலத்துக்குக் கம்பி கட்டும் பையன் மேல் விழும். மகனோடு இருக்கும் அப்பா மேல், உடம்பு முடியாத தம்பி மேல், புகுந்த வீட்டில் வேலையை விட்டுவிட்ட மருமகள் மேல் விழும். கிளையில் வெளிப்படையாகத் தொங்குபவர்கள் இவர்கள். வாங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கொடுப்பது சருகாகக் கீழே விழுவதால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அதே நேரம், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுக்கவே கமிஷன் கேட்பவர் மேல் இந்தச் சொல் விழுவது அரிது. ஆற்று மணலை அள்ளி விற்றவர் ஊரில் பெரிய மனிதர். அவர் வாங்குவது மண்ணுக்கு அடியில் நடக்கிறது, வாசலில் மட்டும் சந்தனம் மணக்கிறது.

கடைசியாகச் சில வார்த்தைகள்

தோப்பு வைத்திருப்பவர்கள் புல்லுருவியை வெட்டத்தான் வேண்டும். பழம் கனிவதற்கு முன், ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாகத் தள்ளி, கிளையோடு வெட்டுங்கள். சந்தனம் நடுகிறவர்கள் துணைச் செடி இல்லாமல் நட்டுப் பணத்தை இழக்காதீர்கள். சாலையோரத்திலும் காட்டிலும் நிற்கும் வலுவான பெரிய மரத்தில் ஒன்றிரண்டு கொத்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பூக்கொத்திக்கு அதுதான் வீட்டுச் சாப்பாடு. வசியம், தன ஆகர்ஷணம் என்று சொல்லி இணையத்தில் பெரிய விலைக்குப் புல்லுருவி வேர் விற்கிறார்கள். பணத்தை அதில் கொட்டாதீர்கள். தாய்மரத்தின் நஞ்சைப் புல்லுருவி தன்னுள் ஏற்றிக்கொள்ளக்கூடும். எட்டி மரத்துப் புல்லுருவியில் எட்டியின் நஞ்சே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். தெரியாத மரத்துப் புல்லுருவியைக் கஷாயம் வைத்துக் குடிப்பது உயிருக்கு ஆபத்து.

சொல்லைப் பற்றி என் தீர்மானம் இது. உதவி பெற்று வாழ்வது குற்றமில்லை. இயலாமல் வாங்குகிறவரை, வீட்டுக்குள் உழைத்துவிட்டுச் சோறு உண்கிறவரை, அரசு தரும் உரிமைத் தொகையை வாங்குகிறவரை நோக்கி இந்தச் சொல்லை இனி எடுக்காதீர்கள். கோபம் வந்து சொல்லியே தீர வேண்டும் என்றால், கையில் எல்லாம் இருந்தும் இல்லாதவரிடம் பிடுங்குகிறவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தைரியம் இல்லாதபோது அந்தச் செடியை அதன் மரத்திலேயே விட்டுவிடுங்கள்.